பெருத்த வயிறும் சிவந்த மூக்கும்

ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்றொரு தொந்திக்காரர் வருகிறார். குடியும் கறியும் வாய்ச்சவடாலுமாகக் காலம் தள்ளுகிறவர். அவருடைய கூட்டாளி பார்டால்ஃபுக்கு முகமெல்லாம் செக்கச்சிவப்பு. மூக்கோ கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு மாதிரி. அந்த மூக்கு துணைக்கு வந்தால் இரவில் தீப்பந்தச் செலவு மிச்சம் என்கிற தினுசில் ஃபால்ஸ்டாஃப் அவரை ஓயாமல் கிண்டலடிப்பார். 1590களின் கடைசியில் லண்டன் கொட்டகைகளில் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

பார்டால்ஃபை இன்று ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனால், அவர் சீட்டில் 'ரோசேசியா' என்று எழுதிவிடுவார். கிண்டலடித்தவருக்குத் தொந்தி, கிண்டலுக்கு ஆளானவருக்குச் சிவந்த முகம் என்று நாடகாசிரியர் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். அந்த இரண்டுக்கும் இடையே ரகசியத் தொடர்பு இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்களிடம் வலுத்திருக்கிறது.

ரோசேசியா பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டியபின் தலைகாட்டும். முதலில் கன்னமும் மூக்கும் அவ்வப்போது குப்பென்று சிவந்து காந்தும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறகு அடங்காமல் தங்கிவிடும். தோலுக்கடியில் மெல்லிய ரத்த நாளங்கள் சிலந்திவலைபோல் தெரியத் தொடங்கும். சிலருக்குப் பருவைப் போன்ற கட்டிகளும் சீழ்க்கொப்புளங்களும் வரும். முகப்பருவில் காணும் கரும்புள்ளி இதில் இருக்காது; மருத்துவர்கள் இரண்டையும் பிரித்தறிய உதவும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. இன்னும் சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, மூக்கின் தோல் தடித்துப் புடைத்து உருவமே மாறிப்போகும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் கிர்லாண்டாயோ 1490 வாக்கில் தீட்டிய முதியவர் ஒருவரின் ஓவியம் இருக்கிறது. பேரனைப் பரிவோடு பார்க்கும் அந்தத் தாத்தாவின் மூக்கு முழுக்க முண்டும் முடிச்சுமாக இருக்கும். 2018இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது இந்தக் கோளாறு ஏதோ ஒரு வடிவில் உண்டு.

இத்தனை பேருக்கு வரும் நோய்க்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் ஒரே விளக்கம்தான்: ஆள் குடிகாரன். நியூயார்க் வங்கி முதலாளி ஜே. பி. மோர்கனின் மூக்கு ஊரறிந்த மூக்கு. புகைப்படக் கருவியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வெளியிடும் படங்களில் மூக்கைத் திருத்தி வரையச் செய்தார். மது சிவப்பைக் கிளப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சொட்டு மதுவைத் தொடாதவர்களுக்கும் ரோசேசியா வருகிறது. நோயோடு சேர்த்து அவப்பெயரையும் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். கொழுப்பைப் பற்றிப் பேசப்போகும் இந்த இடத்தில் அதை மறக்காமல் இருப்பது நல்லது.

கொழுப்பின் மீது சந்தேகத்தைத் திருப்பியவர்கள் அமெரிக்கச் செவிலியர்கள்.

அங்கே 1989இல் தொடங்கிய இரண்டாம் செவிலியர் நல ஆய்வில் 25 முதல் 42 வயது வரையிலான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் சேர்ந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை எடை, உணவு, நோய், மருந்து என்று நீண்ட கேள்வித்தாளை நிரப்பி அனுப்புவார்கள். மருத்துவர் யாராவது உங்களுக்கு ரோசேசியா என்று சொன்னதுண்டா, எந்த ஆண்டில் என்ற கேள்வி 2005இல் சேர்ந்தது. கிட்டத்தட்ட 90 ஆயிரம் பெண்களின் 14 ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்ததில் 5,249 பேருக்கு அந்த நோய் புதிதாக வந்திருந்தது. 2017இல் வெளியான முடிவு இதுதான்: உடல் எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ எண் 35ஐத் தாண்டியவர்களுக்கு, இயல்பான எடை உள்ளவர்களைவிட ரோசேசியா வரும் வாய்ப்பு 48 சதவீதம் கூடுதல். பதினெட்டு வயதுக்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு நாலரைக் கிலோவுக்கும் வாய்ப்பு 4 சதவீதம் ஏறியது. இடுப்புச் சுற்றளவு பெரிதானாலும் வாய்ப்பு கூடியது.

48 சதவீதம் என்றதும் மலைத்துப்போக வேண்டாம். பிஎம்ஐ 35 என்றால் 165 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 95 கிலோ எடை. கொஞ்சநஞ்சப் பருமன் இல்லை. மேலும் இது விகிதக் கணக்கு. இயல்பான எடையுள்ள நூறு பெண்களில் ஐந்தாறு பேருக்கு அந்தக் காலத்தில் நோய் வந்தது என்று வைத்துக்கொண்டால், மிகப் பருத்த நூறு பேரில் எட்டுப் பேருக்கு வரும் என்று தோராயமாகச் சொல்லலாம். மீதி 92 பேரின் முகம் சிவக்கவில்லை. இதே செவிலியர்களிடம் சொரியாசிஸ் என்னும் செதில் நோயைக் கணக்கிட்டபோது, பிஎம்ஐ 35ஐத் தாண்டியவர்களுக்கு வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேலாகக் கூடியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் ரோசேசியாவுக்கும் பருமனுக்குமான உறவு கொஞ்சம் தூரத்துச் சொந்தம். ஆனால் சொந்தம்.

எப்படிச் சொந்தம் என்று கேட்டால், கொழுப்பைப் பற்றிய நம் எண்ணத்தை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். மிஞ்சிய சோற்றைப் போட்டுவைக்கும் குதிர் என்றுதான் வெகுகாலம் மருத்துவமும் நினைத்திருந்தது. குதிருக்கு ஏது வாய்? 1993இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஹோதாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் ஆகியோர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்து டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதம் சுரப்பதைக் கண்டார்கள். அழற்சியைத் தூண்டுவதில் பேர்பெற்ற புரதம் அது. அடுத்த ஆண்டே ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் லெப்டினைக் கண்டுபிடித்தார்: 'கையிருப்பு போதும், சாப்பாட்டை நிறுத்து' என்று கொழுப்பு மூளைக்கு அனுப்பும் செய்தி. குதிர் பேசுகிறது என்பது தெரிந்துபோயிற்று. நாளமில்லாச் சுரப்பிகளின் வரிசையில் கொழுப்புக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

2003இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. ஒல்லியான உடலின் கொழுப்புத் திசுவில் உள்ள செல்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமியையும் குப்பையையும் விழுங்கும் காவல் செல்கள். பருத்த மனிதர்களின் கொழுப்பில் அவை நாற்பது சதவீதத்தை நெருங்கின. அளவுக்கு மீறி ஊதிய கொழுப்புச் செல்லுக்கு ரத்தமும் ஆக்சிஜனும் சரியாக எட்டுவதில்லை. அது திணறும், சிலசமயம் செத்தும் போகும். செத்த செல்லைச் சுற்றிக் காவல் செல்கள் கிரீடம்போல் வளையமிட்டு நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். வந்தவை சும்மா நிற்பதில்லை. அழற்சிப் புரதங்களைக் கக்குகின்றன. அவை ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவுகின்றன. அழற்சியைத் தணிக்கும் அடிபோனெக்டின் என்ற சுரப்போ பருமன் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகிறது. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. சாம்பல் மூடிய தணலாக ஒரு மெல்லிய அழற்சி ஆண்டுக்கணக்கில் உடலில் இருந்துகொண்டே இருக்கிறது.

இனி முகத்துக்கு வருவோம்.

ரோசேசியாவின் உள்விவகாரத்தில் பெரிய வெளிச்சம் 2007இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து வந்தது. ரிச்சர்ட் கேலோவின் ஆய்வகத்தில் கென்ஷி யாமசாகி முதலானோர் நோயாளிகளின் முகத்தோலை ஆராய்ந்தார்கள். கிருமிகளைக் கொல்வதற்காக நம் தோல் கேத்தலிசிடின் என்ற புரதத்தைத் தயாரித்து வைத்திருக்கிறது. கேலிக்ரீன் 5 என்ற நொதி அதை வெட்டிச் சிறு துண்டுகளாக்கும். ரோசேசியாக்காரர்களின் தோலில் புரதமும் அதிகம், நொதியும் அதிகம், வெட்டு விழும் இடமும் வேறு. அப்படிப் பிறந்த துண்டுகளை எலியின் தோலில் செலுத்தியபோது தோல் சிவந்தது, அழற்சி கண்டது. எதிரியை அடிக்க வைத்திருந்த கத்தி வீட்டுக்காரரையே கீறுகிறது. எல்எல்-37 என்று பெயரிடப்பட்ட துண்டு இன்னொரு வேலையும் பார்க்கிறது: புதிய ரத்த நாளங்களை வளரத் தூண்டுகிறது. கன்னத்தில் தெரியும் சிலந்திவலைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இந்தக் கத்தியை உறையிலிருந்து உருவுபவை பல. வெயிலின் புற ஊதாக் கதிர், மயிர்க்காலுக்குள் குடியிருக்கும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணி, மன அழுத்தம். (டெமோடெக்ஸ் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் முகத்திலும் உண்டு, அருவருப்புக் கொள்வதில் பயனில்லை. ரோசேசியாக்காரர்களிடம் அதன் எண்ணிக்கை அதிகம்.) தோலுக்குள் அடுத்து வந்து சேர்வது வெள்ளணுப் படை. அதில் டிஎச்1, டிஎச்17 என்ற இரண்டு பிரிவுகள் முன்னணியில் நிற்கின்றன. பருமனானவர்களிடம் ரத்தத்தில் மிகுந்திருக்கும் லெப்டின் உசுப்பிவிடுவதும் இதே இரண்டு பிரிவுகளைத்தான். டிஎன்எஃப் ஆல்ஃபா இரண்டு பக்கமும் இருக்கிறது. வயிற்றில் கனன்ற தணல் முகத்தில் ஏற்கெனவே இருக்கும் பொறியை ஊதிவிடுகிறது என்ற கருத்து இங்கிருந்துதான் பிறக்கிறது. இணைப்பு நம்பும்படி இருக்கிறது. ஆனால் நம்பும்படி இருப்பது வேறு, நிரூபணமானது வேறு.

கேலோவின் ஆய்வகமே இந்தக் கதையில் மறுபடி ஒருமுறை நுழைகிறது. 2015இல் அங்கே லிங்ஜுவான் ஜாங் என்ற ஆய்வாளர் எலித் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். தோலுக்கடியில் இருந்த கொழுப்புச் செல்கள் பெருகித் தடித்தன. அவை கேத்தலிசிடினைத் தயாரித்தன. அதே கேத்தலிசிடின்! முகத்தைச் சிவக்கவைக்கும் புரதம் கொழுப்புச் செல்லிலிருந்தும் வருகிறது என்றால் கதை முடிந்தது என்று சொல்லத்தான் தோன்றும். முடியவில்லை. அதே குழு 2021இல் கொழுத்த தீனி போட்டுப் பருக்கவைத்த எலிகளைச் சோதித்தபோது, அவற்றின் தோல்கொழுப்பு இந்தத் திறனை இழந்திருந்தது. கிருமித் தொற்று எளிதாகப் பரவியது. பருமன் கூடினால் தோல்கொழுப்பு கேத்தலிசிடினை அதிகமாகப் பொழிந்து முகத்தைச் சிவக்கவைக்கிறது என்ற எளிய கதை இந்த எலிகளிடம் எடுபடவில்லை. உடம்புக்கு நம்முடைய தர்க்கத்தின் மேல் அவ்வளவு மரியாதை கிடையாது.

அழற்சியை விட்டுவிட்டு வெப்பத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வேறொரு வழி தெரிகிறது. மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிவது டிஆர்பிவி1 என்ற நரம்பு வாயிலால். 1997இல் அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாயின் காரத்துக்குத் திறக்கும் அந்த வாயில், 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கும் திறக்கிறது. நம் நரம்புக்குக் காரமும் சூடும் ஒன்றுதான். மது அந்த வாயிலின் தாழ்ப்பாளைத் தளர்த்திவிடுகிறது: 34 டிகிரியிலேயே, அதாவது தோலின் சாதாரணச் சூட்டிலேயே, திறந்துகொள்ளும். ரோசேசியாக்காரர்களின் தோலில் இந்த வாயில்கள் கூடுதலாக இருக்கின்றன. சூடான ரசம், காரக்குழம்பு, நடுப்பகல் வெயில், ஒரு கோப்பை ஒயின் ஆகிய எல்லாமே முகத்தை ஏன் ஒரே மாதிரி சிவக்கவைக்கின்றன என்பது இதனால் விளங்குகிறது. இனி பருமனை இங்கே கொண்டுவந்து வையுங்கள். தோலுக்கடியில் தடித்த கொழுப்பு கம்பளிபோல வெப்பத்தை உள்ளே தேக்குகிறது. தேங்கிய வெப்பம் கம்பளி மெல்லிதாக உள்ள இடங்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும்: கைகள், முகம். முகத்து நாளங்கள் விரிந்துகொடுக்கும் வேளை கூடுகிறது. இது யூகம்தான், ஆனால் உடலியல் அறிந்த யூகம்.

கடக்கும் முன் ஒரு நல்ல செய்தி. அதே செவிலியர் ஆய்வில், நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ காபி குடித்தவர்களுக்கு ரோசேசியா வரும் வாய்ப்பு 23 சதவீதம் குறைவாக இருந்தது. காஃபின் நீக்கிய காபிக்கு அந்தப் பலன் இல்லை. காபி முகத்தைச் சிவக்கவைக்கும் என்று பல நோயாளிகளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். குற்றவாளி காபியின் சூடாக இருக்கலாம். டபராவில் ஆற்றிக் குடிக்கும் வழக்கத்தை நம்மவர்கள் விடாமலிருப்பது எவ்வளவு நல்லது!

எல்லா ஆய்வுகளும் இப்படி ஒரே பக்கம் சாயவில்லை. தைவானின் தேசியக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் ரோசேசியா உள்ளவர்களிடம் ரத்தக் கொழுப்புக் கோளாறும் உயர் ரத்த அழுத்தமும் இதய நாள நோயும் அதிகம் என்று 2015இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு டென்மார்க்கின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் இதயத்துக்குக் கூடுதல் ஆபத்து எதையும் காணவில்லை. செவிலியர் ஆய்விலும் ஓட்டைகள் உண்டு. நோய் வந்ததா என்பது அவர்களே எழுதித் தந்த பதில். பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். பருமன் முன்னால் வந்ததா, முகத்தைக் காட்டக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் அடைந்ததால் எடை ஏறியதா என்றும் ஒருவர் கேட்கலாம். எடையை முன்கூட்டியே பதிந்துவைத்தது இந்த ஆய்வின் பலம் என்பதால் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. முழுப் பதில் இல்லை.

இந்திய வாசகர்கள் பிஎம்ஐ எண்ணைப் பார்த்து 'நமக்கில்லை' என்று தாண்டிப் போய்விடவும் கூடாது. 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ அச்சுப் பிசகாமல் 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. தராசு சமம் என்று சொன்ன இரண்டு உடம்புகளில் ஒன்றில் இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. ஒல்லியான கையும் காலும் முன்தள்ளிய வயிறுமாக நம்மூரில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! அழற்சிப் புரதங்களைச் சுரப்பதில் தொடைக் கொழுப்பைவிட இந்த வயிற்றுக் கொழுப்பே தீவிரமானது. எடை பார்க்கும் இயந்திரத்தைவிடத் தையற்காரரின் அளவு நாடா இந்த விஷயத்தில் அதிகம் சொல்லும்.

மாநிறத்திலும் கறுப்பிலும் ரோசேசியா இன்னொரு வகையில் ஏமாற்றுகிறது. நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். கருத்த கன்னத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கொஞ்சம் கூடுதலாகக் கருத்த மாதிரியோ ஊதா பாய்ந்த மாதிரியோ இருக்கும். நோயாளி சொல்வதெல்லாம் 'முகம் காந்துது, எரியுது'. அது முகப்பருவாகவோ ஒவ்வாமையாகவோ கணிக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பு வரும். தடவிய இரண்டாம் நாள் முகம் பளிச்சென்று ஆகும். சில மாதங்களில் தோல் மெலிந்து நாளங்கள் விரிந்து, களிம்பை நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். ஸ்டீராய்டே உண்டாக்கும் ரோசேசியா அது. சிவப்பழகு தரும் என்று நம்பி இந்தக் களிம்புகளை மாதக்கணக்கில் பூசியவர்களால் இந்தியத் தோல் மருத்துவர்களின் வரிசை நீண்டிருக்கிறது. இந்த நாட்டில் ரோசேசியாவைப் பொறுத்தவரை தொந்தியைவிட இந்தச் சின்னக் குழாய்தான் பெரிய வில்லன் என்பது கட்டுரையாளரின் எண்ணம்.

சிகிச்சை இருக்கிறது, அந்தச் சிகிச்சையே அழற்சிக் கதைக்கு ஒரு சாட்சி. டாக்ஸிசைக்ளின் ஓர் ஆன்டிபயாட்டிக். கிருமியைக் கொல்லப் போதாத 40 மில்லிகிராம் அளவில் அதைக் கொடுத்தாலும் ரோசேசியாவின் கட்டிகள் குறைகின்றன. கிருமி சாகாதபோது நோய் எப்படித் தணிந்தது? கேலிக்ரீன் நொதியைத் தட்டியெழுப்பும் மற்றொரு நொதியை அந்த மருந்து அடக்குகிறது. கத்தி உறைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. உண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் களிம்புக்கு 2014இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதற்கும் அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு. வெயிலுக்குச் சன்ஸ்கிரீன், மென்மையான சோப்பு, எதைச் சாப்பிட்டால் எப்போது சிவக்கிறது என்று குறித்துவைக்க ஒரு நோட்டு ஆகியவை எல்லோருக்கும் சொல்லப்படுபவை.

எடையைக் குறைத்தால் முகம் தெளியுமா? தெளியும் என்று உறுதி சொல்கிறவர் கையில் அதற்கான பெரிய மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. பருமன் இந்த நோயைத் தூண்டும் பல கைகளில் ஒன்று, அதுவும் வலுவான கை அன்று. மரபணு, வெயில், உண்ணி, நரம்பு எல்லாம் சேர்ந்துதான் முகத்தைச் சிவக்கவைக்கின்றன. ஒல்லியானவர்களுக்கும் வரும் நோய் இது. அன்று சிவந்த மூக்கைக் கண்டதும் 'குடிகாரன்' என்றவர்களின் இடத்தில், 'தின்று கொழுத்ததால் வந்தது' என்று சொல்ல இன்று யாரும் உட்கார வேண்டியதில்லை. வயிற்றுச் சுற்றளவைக் குறைப்பதற்கு இதயமும் சர்க்கரையும் ஏற்கெனவே போதுமான காரணங்கள் தந்திருக்கின்றன. முகம் அந்தப் பட்டியலில் கடைசியில் பென்சிலால் எழுதவேண்டிய பெயர்.

கன்னமும் மூக்கும் அடிக்கடி காந்துகிறவர்கள், பரு மருந்துக்கு அடங்காத பரு உள்ளவர்கள், கூடவே கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தலும் சிவப்பும் இருப்பவர்கள் தோல் மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். ரோசேசியா கண்ணுக்குள்ளும் இறங்கும். கவனிக்காமல் விட்டால் விழிவெண்படலத்தில் புண்ணாகும். அங்கே எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் ஏறிவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் அதுவரை தொடாதீர்கள்.